ஆளில்லாத இடத்து நடை

ஆகஸ்ட் 3, வியாழன்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டர் கூடவே ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். யார்மேலாவது எரிச்சல் வந்தால் கத்தக் கூடாதாம், எழுதி வைக்க வேண்டுமாம். உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து அலமாரியில் கிடந்தது. என் எரிச்சலுக்கு இது போதாது. இருந்தாலும் ஆரம்பிக்கிறேன்.

இன்றைய எரிச்சலின் பெயர் ஜெனிஷா. தூத்துக்குடிக்காரி. யூடியூபில் 'கடைசி லெவல்' என்று ஒரு சேனல் வைத்துக்கொண்டு வீடியோ கேம்களைப் பற்றிப் பேசுகிறாள். தான் ஒரு திருநங்கை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறாள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது? ஆனால் இந்த வாரம் அவள் கையில் சிக்கியது எங்கள் கேம். பீளமேட்டில் ஒரு மாடி அறையில் ஏழு பேர் மூன்று வருடம் முதுகெலும்பு தேய உட்கார்ந்து செய்த 'எல்லைக்காவல்'. அதன் நாயகி கொற்றியை வரைந்தவன் நான். அவளுக்கு நடக்கவும் ஓடவும் வாள் வீசவும் கற்றுக்கொடுத்தவனும் நான்.

கதை ரொம்ப எளிது. அண்ணன் போரில் செத்துப்போகிறான். தங்கை கொற்றி அவன் வாளை எடுத்துக்கொண்டு எல்லையைக் காக்கப் போகிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஜெனிஷாவுக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்திருக்கிறது.

"அண்ணன்னு ஒருத்தன் இருந்ததே இல்ல மக்களே," என்கிறாள். "அந்த அண்ணனும் இவளும் ஒரே ஆளு. ஊரு கண்ணுல பையன் செத்துட்டான். இவ பொறந்துட்டா. வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ஒரு கட்டிலு. ஒரு வட்டிலு. நிலைக்கதவுல பிள்ளைங்க உயரம் குறிச்ச கோடு ஒரே வரிசைதான். ரெண்டு பிள்ளைங்க வளந்த வீட்டுல ரெண்டு வரிசை வேண்டாமா?"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. கட்டில் ஏன் ஒன்று என்றால், கேமுக்குள் வரும் வீட்டுச் சாமான்களைச் செய்துகொண்டிருந்த பையன் மாசம் பாதியில் பெங்களூருக்கு ஓடிவிட்டான். நிலைக்கதவுக் கோடு நான் வரைந்தது. எங்கள் வீட்டு நிலைக்கதவைப் பார்த்துத்தான் வரைந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு வரிசை இருந்தது உண்மை. தம்பியுடையதை அப்பா சுரண்டி எடுத்துவிட்டு பெயின்ட் அடித்துவிட்டார். இருப்பதைத்தானே வரைய முடியும்?

ஆடிப்பெருக்கு என்று அம்மா புளிசாதமும் தேங்காய் சாதமும் செய்திருந்தாள். உப்பு தூக்கல். மாத்திரை சாப்பிடுகிறவனுக்குப் போடுகிற உப்பா அது?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரவில்லை.

கேம் வெளிவந்த சமயம் டவுன்லோட் எண்ணிக்கை கூடட்டும் என்று அம்மா போனிலும் அதை ஏற்றிக் கொடுத்திருந்தேன். இரண்டு நாளில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் சமையல் மேடையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து தினமும் விளையாடுகிறாள். விளையாடுகிறாள் என்று சொல்வதுகூடத் தப்பு. முதல் லெவலையே இன்னும் தாண்டவில்லை. கேம் தேன் எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை, வாளை உறையிலிருந்து உருவியதே இல்லை. கொற்றியைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க விடுகிறாள். அவ்வளவுதான்.

"கண்ணு, இதுல காவக்காரங்க வராத எடம் எதுன்னு சொல்லு," என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? சண்டை போட்டாத்தான் அடுத்த லெவலு."

"எனக்கு அடுத்ததெல்லாம் வேண்டாஞ்சாமி. ஆரும் வராத எடம் இருந்தாச் சொல்லு, போதும்."

பயம். அறுபத்தாறு வயதில் பொம்மைச் சண்டைக்குப் பயம். வடக்கே ஆற்றைத் தாண்டிப் போகச் சொன்னேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஜெனிஷா இரண்டாவது வீடியோ போட்டிருக்கிறாள். கொற்றியின் நடையைப் பற்றி. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12, சனி

இரண்டு முறை பார்த்தேன். பொய் எழுதுவானேன், நான்கு முறை.

"ஊருக்குள்ள நடக்கையில பாருங்க," என்கிறாள். "தோள இறுக்கிக்கிட்டு, கைய ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, அளந்து அளந்து கால் வைக்கா. இப்பக் காட்டுக்கு வாங்க. சுத்திலும் ஒரு ஈ காக்கா இல்ல. பாத்துக்கிடுங்க. தோளு எறங்குது. கை தானா வீசுது. இடுப்பு அசையுது. ஆளு இருந்தா ஒரு நடை, ஆளு இல்லன்னா ஒரு நடை. இத நான் எட்டு வயசுல கத்துக்கிட்டேன் மக்களே. எங்க அப்பா செருப்பால சொல்லிக்குடுத்தாரு. இந்தக் கேமச் செஞ்ச ஆளுக்கு எங்கள மாதிரி ஒருத்தியத் தெரியும். நல்லாத் தெரியும்."

ஒருத்தியையும் எனக்குத் தெரியாது.

தொழில் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரு பொம்மையை நடக்க வைக்க வேண்டுமென்றால் யாரையாவது நடக்கவிட்டு வீடியோ எடுத்துக்கொள்வோம். பிறகு ஒவ்வொரு அசைவாக நிறுத்தி அதைப் பார்த்துச் செய்வோம். காலேஜில் படிக்கும்போது அப்படி ஒரு பாடத்துக்காகத் தம்பியை மொட்டை மாடியில் நடக்கச் சொன்னேன். அவன் அப்போது ப்ளஸ் டூ. விறைப்பாக நடந்தான். முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கேமராவை அணைக்க மறந்து கீழே போய்விட்டேன். அம்மா துணி எடுக்கச் சொல்லியிருந்தாள் போல. கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பாட்டுக்கு நடந்ததும் அதில் பதிவாகியிருந்தது. இரண்டும் கையில் இருந்தது, இரண்டையும் பயன்படுத்தினேன். ஓசியில் கிடைத்ததை விடுவானேன்? ஊருக்குள் ஒன்று, காட்டுக்குள் ஒன்று என்று வந்தது ஏதோ ஒரு பிழை. இதில் தத்துவம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

தம்பி வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போனவன் எப்படியோ மாறி, எங்கோ சேலத்துப் பக்கம் இருக்கிறான் என்று கேள்வி. அவனால் எனக்கு வந்த இரண்டு சம்பந்தம் விசாரித்த வாரத்திலேயே முறிந்தது. அப்பா காரியத்துக்குப் புடவையோடு வந்து தெருவில் நின்றான். சித்தப்பாதான் பேசி அனுப்பி வைத்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதலாளி தண்டபாணி சார் கூப்பிட்டார். மில்லை வாடகைக்கு விட்டுவிட்டு கேம் கம்பெனி வைத்திருக்கிறவர். எதற்கும் பதறாத மனிதர், அதுவே சமயத்தில் நமக்கு எரிச்சல்.

"ஏனுங்க பூபதி, அந்தத் தூத்துக்குடிப் பொண்ணு என்னமோ பேசுதாமா?"

"தப்பாப் பேசறா சார். அது பிழை. அடுத்த அப்டேட்ல எடுத்துரலாம்."

"எதுக்குங்க எடுக்கறது? பேசட்டும். நல்லாத்தானுங்க ஓடுது. ஓடற வண்டிக்கு எதுக்குங்க கல்லு வெக்கறீங்க?"

புரோகிராமர் இம்தியாஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அது பிழை இல்லியேண்ணா," என்றான். "இருவது அடிக்குள்ள ஆள் இல்லன்னா ரெண்டாவது நட வரணும்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க? நான் கூட எதுக்குண்ணா இந்த வேலைன்னு கேட்டேன். வேணும்டான்னீங்க. அந்த வாரம் பூரா ஒக்காந்து அத மட்டும் சரி பண்ணீங்களே."

அவனுக்கு ஞாபகசக்தி சரியில்லை. சின்ன வயதிலேயே இப்படி.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் ஊர் வாயைத் திறக்க ஒரு சின்னக் குச்சி போதும். 'வேல்கம்பு' என்று ஒரு பெயரில் கணக்கு ஆரம்பித்து அவள் வீடியோவின் கீழே எழுதினேன். கம்பெனிக்குள் எனக்கு ஆள் தெரியும், அது வெறும் பிழை, இந்தம்மா இல்லாததை இருப்பதாகக் கதைகட்டி நம் வீராங்கனையைக் கேவலப்படுத்துகிறாள் என்று.

உண்மையைத்தான் எழுதினேன். தூக்கம் நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 19, சனி

எழுநூறு பதில். நான் எழுதியதை எடுத்துத் தனியாக வீடியோ போட்டிருக்கிறார்கள் இரண்டு பேர். மீசை முளைக்காத பையன்கள் தமிழர் வீரத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார்கள். அவள் குரலைக் கேலி செய்து, கழுத்தைக் கேலி செய்து, அவளுடைய பழைய பெயரைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் அவள் அம்மா நடத்துகிற பெட்டிக்கடையைப் படம் பிடித்துப் போட்டு, "போறவன் வர்றவனெல்லாம் ஒரு கல்லு விட்டுட்டுப் போங்கடா" என்று எழுதியிருக்கிறான். அதற்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

கல்லு விடச் சொல்லி நான் எழுதவில்லை. நான் எழுதியது பிழையைப் பற்றி மட்டும்.

அந்தப் பழைய பெயரை வாசித்தபோது, தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தன் நோட்டு அட்டையில் இருந்த பெயரைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அதற்கும் அடி வாங்கினான். எங்கள் வீட்டில் ஆளாளுக்குச் சுரண்டுவது ஒரு பழக்கம்.

வாஷிங் மெஷின்காரன் இன்றும் வரவில்லை. அவனையும் திட்டி எழுத வேண்டும், இடமில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஜெனிஷா பதில் போட்டிருக்கிறாள். அழுவாள் என்று பார்த்தேன். முகத்தில் பவுடர்கூடக் கலையவில்லை.

"எங்க அம்ம கடையில கண்ணாடிப் பாட்டிலு நாலு ஒடஞ்சு போச்சு. வேற ஒண்ணும் இல்ல. அம்ம நல்லா இருக்கா. ஒடச்சவன்ட்ட ஒரு வார்த்த. நீ கல்ல விட்டுட்டு ஓடும்போது கேமராவுல பாத்தேன், நடை நல்லாவே இல்ல." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "இப்ப விசயத்துக்கு வாரேன். கொற்றி நடை பிழைன்னு சொல்லுதாவ. சரி, பிழைன்னா திருத்தட்டும். செஞ்ச கைதானே, அழிக்கத் தெரியாதா? அவன் திருத்துற வரைக்கும் அவ எங்கவ. அவன் கை நடுங்கும், பாத்துக்கிடுங்க."

யாருடைய கை நடுங்கும்? என்ன திமிர்? எனக்குச் சவால் விடுகிறாள். தெருவில் போகிற ஒருத்தி, என் கையைப் பற்றி என்னிடமே சொல்கிறாள்.

ஆகஸ்ட் 23, புதன்

தண்டபாணி சாரிடம் கேட்கவில்லை. இம்தியாஸ் சாப்பிடப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து எடுத்துவிட்டேன். இனி ஊரானாலும் காடானாலும் கொற்றிக்கு ஒரே நடை, விறைப்பான நடை. இரண்டாவது நடைக்கான கோப்புகளையும், மிச்சம் வைத்த பிரதிகளையும் அழித்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அந்த மொட்டை மாடி வீடியோவையும் அழித்தேன். அழிக்குமுன் ஒருமுறை ஓடவிட்டேன், சரியான வீடியோதானா என்று பார்க்க. முழுதும் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் அவன் அம்மாவின் புடவையை மடிக்காமல் தோளில் போட்டு, ஒருமுறை திரும்பி நடக்கிறான்.

கை நடுங்கவில்லை. மாத்திரையை மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

அப்டேட் போய்விட்டது. 'சிறு பிழைகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி. வேல்கம்பு கணக்குக்கு வாழ்த்து மேல் வாழ்த்து. தமிழச்சி மானத்தைக் காத்தாயே தோழா என்கிறான் ஒருவன்.

இம்தியாஸ் என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், வேலை நடக்கும்.

ஜெனிஷா நாலு வரிதான் எழுதியிருக்கிறாள். "திருத்திட்டாவ. ஆத்தத் தாண்டையில சில நேரம் ஆட்டமே நின்னுபோற பிழை அஞ்சு மாசமா அப்படியே கெடக்கு. இத மட்டும் ஒரே வாரத்துல திருத்திட்டாவ. பிழைன்னா யாரும் இவ்வளவு பயப்பட மாட்டாவ."

ஜெயித்த நாளில் ஒரு நல்ல காப்பி கூடக் கிடைக்கவில்லை. அம்மா பால் காய்ச்ச மறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30, புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை நீட்டினாள்.

"இது கெட்டுப்போச்சாட்ட இருக்குது கண்ணு. என்னன்னு பாரு."

வாங்கிப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. கொற்றி வடக்கே ஆற்றைத் தாண்டி காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தானம்மா இருக்குது."

"நடக்க விட்டுப் பாரு."

நடக்க விட்டேன். தோளை இறுக்கிக்கொண்டு அளந்து அளந்து நடந்தாள்.

"பாத்தியா? ஊருக்குள்ள நடக்கறாப்பலயே நடக்குது. அங்க ஆருமே இல்லியே. ஆரும் பாக்காதப்பக்கூட இப்படித்தான் நடக்கோணுமா?"

அது புது அப்டேட் என்று சொன்னேன். பழையது பிழை, எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானு அதப் பாக்கத்தான் தெனமும் காட்டுக்குப் போறது. மாடியில துணி எடுக்கறப்ப எம்புள்ள அப்படித்தான் நடக்கும். படிக்கட்டுல நின்னு எத்தன நாள் பாத்திருக்கறேன். என்ற சத்தம் கேட்டா நடை மாறிப்போகும்னு மூச்சு விடாம நிப்பேன். ஒம்போது வருசங்கழிச்சு இந்தப் போனுலதான் மறுபடி பாத்தேன். நீயா யோசிச்சு வெச்சிருக்கறீன்னு நெனச்சேன். எம்பெரிய பையனுக்கும் மனசு இருக்குதுன்னு சந்தோசப்பட்டேன்."

இரத்தம் தலைக்கு ஏறியது. டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். அவனால்தான் அப்பா போய்ச் சேர்ந்தார், அவனால்தான் எனக்குக் கல்யாணம் இல்லை, இன்னும் அவனை நினைத்துக்கொண்டு போனைக் கட்டி அழுகிறாயா என்று.

"உங்கொப்பன் சக்கரையில போனாரு," என்றாள் அம்மா. குரல் ஏறவே இல்லை. "காரியத்தன்னைக்கு அவ தெருவுல நின்னா. சித்தப்பன் பேசுனான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. பேசுனது அவன். வாசக் கேட்டச் சாத்துனது ஆருன்னு எனக்குத் தெரியும். உள்ள படுத்திருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டுச்சு."

நான் மாத்திரை டப்பாவைத் தேடினேன்.

"அத மறுக்கா வெச்சுக் குடு."

"முடியாது. அழிச்சுட்டேன். வீடியோவும் இல்ல."

அம்மா போனை வாங்கி அணைத்தாள். "செரி. அப்ப நானு அவளையே வரச் சொல்றேன். நம்பரு என்றகிட்ட இருக்குது. நாலு வருசமாப் பேசிட்டுத்தான் இருக்கறேன். இது என்ற பேருல இருக்கற வீடு. புடிக்கலீன்னா நீ வேற எடம் பாத்துக்க."

ஆகஸ்ட் 31, வியாழன்

மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். வாஷிங் மெஷின் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 1, வெள்ளி

வேல்கம்பு கணக்கை மூடிவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பையன்களுக்கு இனி வேல்கம்பு தேவையில்லை, கல் இருக்கிறது.

இம்தியாஸிடம் பழைய பிரதி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். "நீங்கதான எல்லாத்தையும் அழிச்சீங்க," என்றான். அண்ணா என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

காலையில் அம்மா மூன்று பேருக்கு அரிசி களைந்தாள். பார்த்தும் பார்க்காதவன் மாதிரி பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். வீடு அவள் பேரில் இருக்கிறது, என்ன செய்வது?

பதினோரு மணி வாக்கில் வந்தாள். எதிர்வீட்டு நாகராஜ் வண்டி கழுவுகிற சாக்கில் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தெருமுனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் அதே நடைதான். தோள் இறுக, கை ஒட்ட, அளந்து அளந்து. பதினேழு வயதில் நடந்த அதே விறைப்பு முப்பது வயதிலும் அப்படியே இருந்தது. நான் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேன். யாராவது திறக்க வேண்டுமே, அம்மாவுக்கு முட்டிவலி.

"நல்லாருக்கியாண்ணா?" என்று கேட்டாள்.

"ம்."

என்னைத் தாண்டி உள்ளே போகும்போது தோள் இன்னும் ஒரு சுற்று இறுகியதைப் பார்த்தேன். அதைப் பார்க்கத் தெரியாதவனா நான்? அதுதானே என் பிழைப்பு.

அம்மா அவள் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள். அவள் சமையலறைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள். தட்டு எடுத்து வரச் சொன்னாள், நடந்தாள், வந்தாள். அம்மாவுக்குத் தண்ணீரும் வேண்டாம், தட்டும் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் ஊர் நடை. நான் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். பிரயோசனம் இல்லை. இருபது அடிக்குள் ஆள் இருந்தால் ஊர் நடை என்றுதான் எழுதச் சொல்லியிருந்தேன். அந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதெல்லாம் கணக்கில் வராது. பேப்பர் படித்தாலும் ஆள் ஆள்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

"தயிரு வாங்கிட்டு வரேன்," என்று செருப்பை மாட்டினேன். பிரிட்ஜில் தயிர் இருந்தது. அம்மாவுக்கும் அது தெரியும்.

"மெதுவா வா," என்றாள். பிறகு அவளிடம், "சாமி, மாடியில துணி காயுது பாரு. போய் எடுத்துட்டு வா," என்றாள்.

கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். நாகராஜ் இன்னும் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். "என்னங்க நாகராஜ், வண்டியில தோலு உரிஞ்சுரும் போல. போதும், உள்ள போங்க," என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். உள்ளே போனான்.

தெருமுனை பேக்கரி வரைக்கும் நடந்து ஒரு டீ சொன்னேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரியும். கொடியில் காய்கிற துணிகூடத் தெரியும். டீயை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.